கையெழுத்து யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

ஏற்றத்தாழ்வு, அதிகாரம் இரண்டையும் சமூகவியல் எப்படி விளக்குகிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் எட்டுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சில தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்டவை. சில வீட்டுக்குள்ளிருந்தும் ஊருக்குள்ளிருந்தும் வந்தவை. அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வருமான ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியாவுக்கு உலக அளவில் நான்காம் இடம் என்று 2025 ஜூலையில் செய்தி படித்தேன். கண்ணெதிரே பார்ப்பது அப்படி இல்லையே?
– வங்கி ஊழியர், நாமக்கல்

செய்தியில் வந்த எண் சரி. அதை ‘வருமானம்’ என்று சொன்னதுதான் பிழை. உலக வங்கி கொடுத்த 25.5 என்ற கினி குறியீடு (எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 100), 2022-23இல் குடும்பங்கள் எவ்வளவு செலவழித்தன என்ற கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. 2011-12இல் அது 28.8. பட்டியலில் இருந்த பல நாடுகளுக்கோ வருமானத்தை வைத்துப் போட்ட எண். இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. அதே உலக வங்கிக் குறிப்பு, உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தை மேற்கோள் காட்டி, இந்தியாவின் வருமான கினி 2004இல் 52, 2023இல் 62 என்றும் சொல்கிறது. செய்தியில் அந்த வரி விடுபட்டுப் போயிற்று.

செலவுக் கணக்கில் இடைவெளி ஏன் சுருங்கித் தெரிகிறது? மாதம் 10,000 ரூபாய் வருகிற வீட்டில் அத்தனையும் செலவாகிவிடும். சில மாதம் கடனும் சேரும். மாதம் 10 லட்சம் வருகிற வீட்டில் பெரும்பகுதி நிலமாக, பங்காக, வைப்புத்தொகையாக மாறிவிடும். செலவுப் பட்டியலில் ஏறாது. போதாக்குறைக்கு, காவலாளி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் கணக்கெடுப்பவர் நுழைவதே பெரும்பாடு.

இந்தக் குறியீட்டை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் நிலமுள்ள குடும்பங்கள் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1, 1, 2, 4, 12 ஏக்கர். மொத்தம் 20. சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசை எண் கொடுத்து, ஒவ்வொருவர் நிலத்தையும் அவரவர் வரிசை எண்ணால் பெருக்குங்கள்: 1, 2, 6, 16, 60. கூட்டினால் 85. அதை இரட்டித்தால் 170. குடும்ப எண்ணிக்கையை மொத்த நிலத்தால் பெருக்கினால் (5 × 20) 100. 170ஐ 100ஆல் வகுத்தால் 1.7. குடும்ப எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, அதை அந்த எண்ணிக்கையாலேயே வகுத்தால் (6/5) 1.2. முன்னதிலிருந்து இதைக் கழித்தால் 0.5. அதுதான் கினி; உலக வங்கி எழுதுவதுபோல் 100ஆல் பெருக்கினால் 50.

இனி அதே ஊரில் நிலமே இல்லாத ஐந்து குடும்பங்களையும் சேருங்கள். அவர்களுக்கு 1 முதல் 5 வரை வரிசை எண், நிலம் பூஜ்யம். நிலமுள்ளவர்கள் 6 முதல் 10 வரை போவார்கள். பெருக்கிக் கூட்டினால் 185. இரட்டித்தது 370, அதை 200ஆல் (10 × 20) வகுத்தால் 1.85; அதில் 1.1 (11/10) கழித்தால் 0.75. ஒரு சென்ட் நிலம்கூடக் கைமாறவில்லை, ஆனால் குறியீடு 0.5இலிருந்து 0.75க்குப் போய்விட்டது. நம் வேளாண் கணக்கெடுப்பு சாகுபடி செய்கிற கைப்பற்றுகளை (ஒருவர் பயிர் வைக்கும் மொத்த நிலத்தை) மட்டுமே எண்ணுகிறது. நிலமற்ற கூலிக் குடும்பம் அதன் கண்ணில் படாது. ஆகவே எந்த ஏற்றத்தாழ்வு எண்ணைப் பார்த்தாலும், எதை அளந்தார்கள், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

கஷ்டப்பட்டுப் படித்தவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுப்பது நியாயம்தானே? எல்லோருக்கும் ஒன்று என்றால் யார் டாக்டருக்குப் படிப்பார்கள்?
– பொறியாளர், ஓசூர்

இதே வாதத்தைச் சமூகவியலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் என்ற இரு அமெரிக்கர்கள், ஆண்டு 1945. சமூகத்துக்கு முக்கியமான, நீண்ட பயிற்சி தேவைப்படுகிற வேலைகளுக்குத் தகுதியானவர்களை இழுக்கக் கூடுதல் பலன் கொடுத்தாக வேண்டும். ஏற்றத்தாழ்வு அந்த வகையில் பயனுள்ளது என்றார்கள். 1953இல் மெல்வின் டூமின் எழுதிய மறுப்பு இன்றும் நிற்கிறது. எந்த வேலை முக்கியம் என்பதை எப்படி அளப்பது? பயிற்சிக் காலத்தைத் தியாகம் என்கிறீர்கள். அந்தச் செலவைச் சுமந்தது பெற்றோர் அல்லவா? எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே இருப்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வழியைத் திறந்து மற்றவர்களுக்கு அடைத்துவிட்டால், திறமை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

டூமினின் கடைசி வாதத்துக்குத் தமிழ்நாட்டில் கண்கூடான சான்று உண்டு. நீட் வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போன அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். 2020இல் அவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும், அந்த ஆண்டே நூற்றுக்கணக்கில் போனார்கள். ஒரே ஆண்டில் பிள்ளைகளின் மூளை மாறிவிடவில்லை. திறந்தது கதவு.

எந்த வேலை முக்கியம் என்ற அவருடைய முதல் கேள்விக்கும் வருவோம். பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒரு நகரம் ஒரு வாரம் தாங்காது. முக்கியத்துவத்துக்கு ஏற்பத்தான் கூலி என்றால் அந்த வேலைக்கு எங்கேயோ போயிருக்க வேண்டும். நடப்பது என்ன? மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. சாக்கடைக்குள் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. உயிரோடு இருக்கும்வரை ஒப்பந்தக் கூலி. அந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியார். செய்பவர் வேறு வேலைக்குப் போக முடியாதபடி வழிகள் அடைபட்டிருக்கின்றன. கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம் அந்த அடைப்பு. டாக்டரின் சம்பளம் கூடுதலாக இருக்கட்டும், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை; சம்பள ஏணி முழுவதும் திறமையால் ஆனது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

மார்க்ஸ், வெபர் வேறுபாட்டைப் பாடப்புத்தகத்தில் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் ஊர்ச் சூழலில் விளக்க முடியுமா?
– முதுகலை மாணவி, திருவாரூர்

உங்கள் மாவட்டமும் பக்கத்துத் தஞ்சையும் இதற்குச் சிறந்த பாடம். மார்க்ஸ் பார்வையில் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: உற்பத்திச் சாதனம் யாரிடம், உழைப்பு யாருடையது? மிராசுதார் பக்கம் நிலம். பண்ணையாள் பக்கம் வெறும் உடல். மற்றவை இந்த உறவின்மேல் எழுபவை.

வெபர் மூன்று கோடுகளைப் பிரிக்கிறார். சந்தையில் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பது வர்க்கம். யார் யாரோடு உட்காரலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்கிற மதிப்பு இரண்டாவது. அமைப்பாகத் திரண்டு முடிவுகளைத் தன் பக்கம் திருப்பும் வலு மூன்றாவது. மூன்றும் ஒரே கையில் இருக்கலாம், பிரிந்தும் போகலாம்.

பிரிந்து போனதைத்தான் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கிப் பார்த்தார். ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் வைத்து 1965இல் நூலாக்கினார். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று மூன்றாகக் கிடந்த ஊர். முன்பு அக்கிரகாரத்திடமே நிலம், சடங்கு மதிப்பு, ஊர் முடிவு மூன்றும் இருந்தன. பிராமணர்கள் படித்து நகர வேலைக்குப் போனார்கள், நிலம் விற்பனைக்கு வந்தது, வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. சடங்கு மதிப்பு அக்கிரகாரத்தில் நின்றுவிட, ஊராட்சி அதிகாரம் குடியானவர் தெருவுக்கு நகர்ந்தது. சேரிக்கு மூன்றில் எதுவும் பெரிதாக வந்து சேரவில்லை. தேர்வில் இந்தக் கடைசி வரியை மறவாமல் எழுதுங்கள். மூன்று கோடுகளும் மேலே பிரிந்தபோதும் அடியில் ஒட்டியே கிடந்தன.

1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி இதற்குச் சாட்சி. நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டம் வர்க்கப் போராட்டம். எரிந்த குடிசை தனியே ஒதுக்கப்பட்ட சேரியில் இருந்தது. 44 பேர் மாண்டார்கள். தண்டனை பெற்றவர்களை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, நிலபுலனும் வசதியும் உள்ள மிராசுதாரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பில் எழுதியது. ஒருவரின் சொத்தும் மதிப்பும் வழக்கில் அவருக்கே சாட்சியமாகிவிட்டன. மார்க்ஸை மட்டும் வைத்தோ வெபரை மட்டும் வைத்தோ இந்த இரவை விளக்க முடியாது.

எங்கள் ஊராட்சி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சென்ற பதவிக்காலத்தில் தலைவர் ஐந்து ஆண்டும் பதவியில் இருந்தார், ஆனால் ஒரு குழாயைக்கூட அவர் நினைத்தபடி மாற்ற முடியவில்லை. பதவி வந்தும் அதிகாரம் வராதது ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, நேரடித் தேர்தல் உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. ஊரில் நிலமும் ஆளும் உள்ள சாதி, தலைவர் பதவி கைவிட்டுப் போனது தெரிந்ததும், வார்டுகளில் கவனம் வைத்துத் துணைத் தலைவரைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. அப்புறம் மோட்டார் பழுது பார்த்த ரசீதுகூட ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் கிடக்கும். ஊர் ஜனம் திட்டுவது தலைவரைத்தான். எம்.என். ஸ்ரீநிவாஸ் ‘ஆதிக்க சாதி’ என்று 1950களில் பெயரிட்டது இப்படி எண்ணிக்கை, நிலம், அரசியல் தொடர்பு மூன்றும் சேர்ந்த வலுவை.

அதிகாரத்தை மூன்று முகமாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்டீவன் லூக்ஸ் (1974). முதல் முகம், கருத்து மோதும்போது யார் பேச்சு வெல்கிறது என்பது. இரண்டாம் முகம், எந்த விஷயம் பேச்சுக்கே வராமல் பார்த்துக்கொள்வது. பேக்ரக், பேரட்ஸ் என்ற இருவர் 1962இலேயே இதைச் சுட்டியிருந்தார்கள். மூன்றாம் முகம், கேட்க வேண்டும் என்ற எண்ணமே வராதபடி செய்வது. இதற்கு அடுத்த கேள்வியில் வருகிறோம்.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தனித்தொகுதியான பிறகு 2006 வரை முறையான தேர்தலோ நிலையான தலைவரோ இல்லாமல் கிடந்தன. வேட்பு மனு போட ஆள் வராமல் பார்த்துக்கொண்டார்கள், அல்லது பெயருக்கு ஒருவரை நிறுத்தி உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். அது இரண்டாம் முகம். அதே காலத்தில் மேலவளவில் துணிந்து நின்று வென்ற தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இன்று அரிவாள் குறைந்திருக்கிறது. அந்த இடத்துக்குக் கையெழுத்து மறுப்பு வந்திருக்கிறது.

இனி நடைமுறை. அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது வார்டு உறுப்பினர்களுக்குச் செலவிடுங்கள். துணைத் தலைவர் தேர்தல் நாளன்று பெரும்பான்மை இல்லையென்றால் ஐந்து ஆண்டும் முடங்கும். துணைத் தலைவர் மறுக்கும்போது வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். செலவுச் சீட்டு, தீர்மான நகல், வேலை முடிந்த சான்று மூன்றையும் இணைத்து எழுத்தில் அனுப்பி ஒப்புகை பெற வேண்டும். இப்படி இரண்டு மூன்று சேர்ந்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 203இன்படி கையெழுத்து அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மாற்றிக் கொடுக்க அவரால் முடியும். தேதியும் ஒப்புகையும் இல்லாத புகார் மேசையிலேயே நின்றுவிடும். பட்டியல் சாதி, பழங்குடித் தலைவர் தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் தனிக் குற்றம். நாற்காலி கொடுக்காததும், கொடியேற்ற விடாததும், தலைவரின் கணவரிடமே பேசுவதும் சில்லறை விஷயங்கள் என்று விடாமல் அவற்றையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

கிராம சபையில் குறைவெண் வரம்பை (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களை) தெரிந்துகொள்ளுங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்கள் பொருளைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தால்தான் கூட்டப் பொருளில் ஏறும். கூட்டத்தில் கைதட்டு வாங்கிய பேச்சு, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படாவிட்டால் நடக்காத பேச்சுதான். கையொப்பமிடும் முன் அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்பா இறந்த பிறகு என் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை; மனமுவந்துதான் செய்தாள். இதில் அதிகாரம் எங்கே இருக்கிறது?
– வாசகி, பொள்ளாச்சி

லூக்ஸ் சொன்ன மூன்றாம் முகம் இதுதான். உங்கள் தங்கை ஏமாந்தவர் என்றோ, மனம் அறியாதவர் என்றோ நாங்கள் சொல்லவில்லை. அவர் கணக்குப் போட்டிருப்பார். பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைபடும். நாளை கணவர் வீட்டில் ஒன்று என்றால் போய் நிற்க இடமிருக்காது. பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் நின்றுபோகும். பங்கை விட்டுக்கொடுப்பது அந்த உறவுக்குச் செலுத்தும் கட்டணம். அண்ணனுக்கு அப்படி எந்தக் கட்டணமும் இல்லை. ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு’ என்ற பேச்சு வீட்டில் சின்ன வயதிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தால், பத்திரத்தின்போது வற்புறுத்த ஆள் தேவைப்படாது.

சட்டம் எப்போதோ மாறிவிட்டது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயிலெழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1956 முதலே மகளுக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் சம உரிமை கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இன் மத்திய திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனைக்குப் பிறகும் பதிவு அலுவலகங்களில் விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

சொத்து பெண்ணுக்கு வெறும் காசு மட்டும் அல்ல. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிலமும் வீடும் சொந்தப் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரிடம் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் உள்ளவர்களில் 7 சதவீதம். வெளியேறிப் போக ஓர் இடம் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருப்பதே வீட்டுக்குள் பேச்சின் தொனியை மாற்றுகிறது.

உங்கள் வீட்டில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் இருந்தால் அவர்களுக்கு: பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். துக்கத்துக்குக் கூடிய சொந்தங்கள் கலையும் முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு உதவாது. வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுத்து எவ்வளவு சொத்து என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பின்படி உங்கள் பங்கு எவ்வளவு வருகிறது என்று எழுதிப் பாருங்கள். விட்டுக்கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றாலும் எவ்வளவை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. மோசடியோ மிரட்டலோ நடந்திருந்தால், அது தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் வேலைக்கு எடுக்கும்போது சாதி கேட்பதே இல்லை. இருந்தும் வருகிறவர்கள் ஒரே மாதிரியான பின்னணிக்காரர்களாகவே இருக்கிறார்கள். எப்படி?
– மனிதவளப் பிரிவு, கோயம்புத்தூர்

கேட்காமலே தெரிந்துகொள்ள வழிகள் பல. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள்; ஆய்வு 2007இல் வெளியானது. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே சமயம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்து மேலாளர்களைப் பேட்டி கண்டார்கள். அவர்கள் எல்லோரும் ‘தகுதிதான் முக்கியம்’ என்றார்கள். அநேகமாக எல்லோருமே நேர்காணலில் ‘குடும்பப் பின்னணி’ கேட்டார்கள். அப்பா என்ன வேலை, அக்கா எங்கே படித்தார், சொந்த ஊரில் எந்தத் தெரு என்ற கேள்விகளுக்குப் பதில் வந்தால் சாதி கேட்க வேண்டிய வேலையே இல்லை.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். தயங்காத ஆங்கிலம், நாற்காலியில் உட்காரும் விதம், மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் எல்லாம் வீட்டில் இருபது ஆண்டு ஊறி வந்தவை. நேர்காணலில் அவை ‘தன்னம்பிக்கை’ என்று மதிப்பெண் வாங்கிவிடுகின்றன.

செய்யக் கூடியவை சில. விண்ணப்பத்தின் முதல் சுற்றில் பெயர், ஊர், பள்ளி, அப்பா பெயர் எல்லாவற்றையும் மறையுங்கள். பெயரை மறைத்துவிட்டு மின்னஞ்சல் முகவரியை விட்டுவிடுவது வழக்கமான ஓட்டை. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. நேர்காணல் செய்பவர்கள் தங்களுக்குள் பேசும் முன் தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் வாயசைத்ததும் மற்றவர் பேனா அந்தப் பக்கம் சாயும். உள்ளே இருப்பவர்கள் பரிந்துரைத்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தனியே எண்ணுங்கள். பாதிக்கு மேல் பரிந்துரை என்றால், மற்றதை எவ்வளவு திருத்தினாலும் ஆட்கள் மாற மாட்டார்கள்.

வீட்டுவேலை செய்வதும் ஏற்றத்தாழ்வுக் கணக்கில் வருமா?
– இல்லத்தரசி, காரைக்குடி

கட்டாயம் வரும். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் 97. 2024இல் 289, 88. ‘செய்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2019இல் பெண்களில் ஐந்தில் நால்வர் அந்த வேலை செய்தார்கள், ஆண்களில் நால்வரில் ஒருவர்தான். ஆண்கள் எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அரை மணி நேரம்கூடத் தேறாது. அந்த ஐந்து மணி நேரம்தான் பெண்ணின் படிப்பிலிருந்தும் கூலி வேலையிலிருந்தும் கிராம சபைக்குப் போகும் நேரத்திலிருந்தும் கழிகிறது.

சொந்த ஊரில் யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று ஆய்வேடு எழுதப் போகிறேன். எங்கே தொடங்குவது?
– ஆய்வு மாணவர், தருமபுரி

மூன்று பட்டியல் போடுங்கள். ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், கோயில் தர்மகர்த்தா, பால் சங்கம், கட்சிக் கிளை என்று பதவியில் இருப்போர் பட்டியல் ஒன்று, சி. ரைட் மில்ஸ் 1956இல் அமெரிக்க மேல்தட்டைப் பார்த்தது இந்த வழியில். ‘ஊரில் காரியம் ஆக வேண்டுமென்றால் யாரைப் பார்ப்பீர்கள்?’ என்று எல்லாத் தெருவிலும் கேட்டு எடுப்பது இரண்டாவது; ஃபிளாய்ட் ஹன்டர் அட்லான்டாவில் செய்து 1953இல் வெளியிட்டது. அண்மையில் நடந்த நான்கைந்து முடிவுகளை எடுத்து – கிணறு எங்கே தோண்டினார்கள், சாலை எந்தத் தெரு வரை வந்தது, திருவிழா வரி எவ்வளவு – யார் தொடங்கினார்கள், யார் தடுத்தார்கள், யார் சொன்னது நடந்தது என்று எழுதுவது மூன்றாவது. ராபர்ட் டால் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் செய்து 1961இல் வெளியிட்டது. மூன்றிலும் வரும் பெயர்கள் யார், ஒன்றில் மட்டும் வருபவர் யார் என்று ஒப்பிடுவதில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது. இரண்டாவது பட்டியலில் மட்டும் வருபவர் பெரும்பாலும் வட்டிக்குக் கொடுப்பவராகவோ வேலைக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரியாகவோ இருப்பார். நான்காவதாக ஒரு பக்கம் ஒதுக்கி, ஊரில் எந்தக் குறையைப் பற்றி யாரும் பேசவே இல்லை என்று குறியுங்கள். முடிவுகளை மட்டும் பின்தொடர்ந்தால் அது கண்ணுக்குப் படாது.

நில விவரத்துக்கு ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல் மூன்றையும் எடுங்கள். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், உழுவது வாரத்துக்கு எடுத்தவராக இருக்கும், கோயில் நிலத்தில் குத்தகைக்காரர் பெயர் காகிதத்தில் ஒன்று, வயலில் வேறொன்று. ஆகவே பதிவேட்டை வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து, ஒவ்வொரு வயலிலும் ‘இந்தப் போகம் யார் போட்டது?’ என்று கேளுங்கள். வருமானம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் குறைத்துத்தான் சொல்வார்கள். போன மாதம் எத்தனை நாள் வேலை, நாள்கூலி எவ்வளவு, கடன் யாரிடம், வட்டி என்ன என்று பிரித்துக் கேளுங்கள்.

எங்கே தங்குகிறீர்கள் என்பது ஆய்வையே மாற்றிவிடும். பெத்தேய் அக்கிரகாரத்து வீட்டில் தங்கினார். அதனால் சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். உங்களுக்குச் சொந்த ஊர் என்பதால் சிக்கல் இன்னும் கூடும். உங்கள் சாதியும் அப்பா பெயரும் உங்களுக்கு முன்னால் போய்விடும். முதல் நாள் ஊராட்சித் தலைவரோடு தெருத்தெருவாகச் சுற்றாதீர்கள். உங்கள் சாதியார் இல்லாத தெருவில், அந்தத் தெருக்காரர் ஒருவரை உதவியாளராக வைத்துக்கொண்டு, அவர் உழைப்புக்குக் கூலி கொடுத்து, முதல் இரண்டு வாரம் அங்கிருந்தே தொடங்குங்கள். பெண்களைக் கணவர் இல்லாத நேரத்தில், வீட்டுக்கு வெளியே – குழாயடி, நூறு நாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை வரிசை – பாருங்கள். திண்ணையில் வைத்துக் கேட்டால் உள்ளேயிருந்து இன்னொருவர் பதில் சொல்வார். அப்போது அவரை நிறுத்தாமல், யார் கேள்விக்கு யார் பதில் சொன்னார் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.